சிடார் ஷேக் கூரைக்கு சாஃப்ட்வேரில் பொருள் கணக்குப் போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஒரு வீடு. 'ஷேக்' என்னும் சிடார் மரத் துண்டுகள் வேய்ந்த கூரை. கோயம்புத்தூரில் உட்கார்ந்து நான் எடுத்த முதல் ஷேக் கணக்கு அதுதான். சாஃப்ட்வேர் கூரைப் பரப்பைச் சரியாகவே எடுத்துக் கொடுத்தது. ஆனால் பொருள் பட்டியலில் 62 பண்டில் (கட்டு) என்று வந்தது. அந்தக் கூரைக்கு உண்மையில் 112 பண்டில் வேண்டும். ஆர்டர் போவதற்கு முன்பே அங்கிருந்த கூரைக்காரர் எண்ணைப் பார்த்துவிட்டு போன் செய்தார். அதனால் தப்பித்தது.

தப்பு எங்கே? டெம்ப்ளேட்டில். கூரை சாஃப்ட்வேர்களில் ஏற்கனவே போட்டு வைத்திருக்கும் கணக்கு பெரும்பாலும் தார் பூசிய மெல்லிய கூரைத் துண்டான ஆஸ்பால்ட் ஷிங்கிளுக்கானது. வட அமெரிக்க வீடுகளில் அதிகம் இருப்பது அதுதான். அதில் 100 சதுர அடிக்கு 3 பண்டில். மரத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. இங்கிருந்து அமெரிக்க, கனடா கம்பெனிகளுக்கு டேக்ஆஃப் (படத்திலிருந்து அளவும் பொருள் கணக்கும்) எடுப்பவர்களும், அங்கேயே கூரை வேலையில் இருப்பவர்களும் இந்த இடத்தில் தடுமாறக் கூடாது என்பதற்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஷேக் என்றால் என்ன

மரக்கட்டையைப் பிளந்து எடுக்கும் கூரைத் துண்டு ஷேக். இரண்டு பக்கமும் மெஷினில் அறுத்து மெல்லியதாக எடுப்பது மர ஷிங்கிள். ஷேக்கிலேயே ஒரு முகம் பிளந்தபடி சொரசொரப்பாகவும் பின்பக்கம் அறுத்ததாகவும் வருவது உண்டு. அதை ஹேண்ட்ஸ்பிளிட் என்பார்கள். இரு முகமும் அறுத்து, ஆனால் ஷேக்கின் கனத்திலேயே வருவது டேப்பர்சான். இரண்டும் ஒரே விலையோ ஒரே கனமோ அல்ல. பட்டியலில் வெறுமனே 'சிடார்' என்று எழுதினால் போதாது.

மரம் பெரும்பாலும் வெஸ்டர்ன் ரெட் சிடார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, அமெரிக்காவின் வாஷிங்டன், ஒரிகன் கடலோரக் காடுகளில் வளர்வது. பிரிட்டிஷ் கொலம்பியா 1988இல் இதைத் தன் மாகாண மரமாக அறிவித்தது. அந்தக் கரையோரப் பூர்வகுடிகள் ஐரோப்பியர் வருவதற்கு வெகு காலம் முன்பே இந்த மரத்திலிருந்து பலகை பிளந்து வீடு கட்டினார்கள். நேராகப் பிளக்கும் குணமும் எளிதில் உளுத்துப் போகாத குணமும் ஒரே மரத்தில் அமைந்திருக்கின்றன. இந்தத் தொழிலின் சங்கமான சிடார் ஷேக் அண்ட் ஷிங்கிள் பீரோ 1915இல் தொடங்கியது. அதன் உறுப்பினர் ஆலைகளிலிருந்து வரும் பண்டில்களில் செர்ட்டி-ஸ்பிளிட், செர்ட்டி-சான் போன்ற லேபிள்கள் இருக்கும். அந்த லேபிள் நமக்கு மிகவும் வேண்டியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கூரையின் பாகங்களுக்கு நம்மிடமே நல்ல சொற்கள் இருக்கின்றன. தண்ணீர் சொட்டும் கீழ் விளிம்பு இறவாரம். உச்சிக் கோடு முகடு. இரண்டு சரிவுகள் உள்வாங்கிச் சேரும் பள்ளம் கூடுவாய். ஓட்டு வீடு கட்டிய ஆசாரிகள் இன்றும் இப்படித்தான் சொல்கிறார்கள். சாஃப்ட்வேர் அறிக்கையில் இவை ஈவ், ரிட்ஜ், வேலி என்று வரும். இவற்றோடு சுவர் முக்கோணத்தின் மேல் ஏறும் சாய்ந்த விளிம்பு ரேக், இரண்டு சரிவுகள் வெளிப்புறமாகக் கூடும் மூலைக் கோடு ஹிப். ஸ்கொயர் என்றால் 100 சதுர அடிக் கூரை.

இன்னும் ஒரு சொல் மட்டும்தான், ஆனால் முழுக் கணக்கும் அதில்தான் நிற்கிறது: எக்ஸ்போஷர். ஒரு ஷேக்கின் நீளத்தில் மேல் வரிசை மூடாமல் வெயிலுக்கும் மழைக்கும் தெரியும் பகுதி. சரிவு 4:12 (12 அங்குலம் கிடையாகப் போனால் 4 அங்குலம் உயர்வது) அல்லது அதற்கு மேல் இருக்கும் கூரையில் 24 அங்குல ஷேக்குக்கு அதிகபட்சம் 10 அங்குலம், 18 அங்குல ஷேக்குக்கு ஏழரை அங்குலம். கீற்று வேய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கீழிருந்து மேலாக, ஒன்றின் தலையை அடுத்தது மூட வேய்கிறோம். எவ்வளவு தெரியவிடுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் கீற்றின் எண்ணிக்கை.

படி 1: அளவு எடுப்பது

மூன்று வழிகள் உண்டு. ஈகிள்வியூ போன்ற நிறுவனத்திடம் வான்படத்திலிருந்து எடுத்த அறிக்கையை வாங்கலாம். ரூஃப்ஸ்னாப் போன்றவற்றில் படத்தின் மேல் நாமே கோடு போடலாம். வீடு இன்னும் கட்டப்படவில்லை என்றால் வரைபட பிடிஎஃப்பை ப்ளான்ஸ்விஃப்டிலோ ப்ளூபீமிலோ திறந்து எடுக்கலாம்.

எதைப் பயன்படுத்தினாலும் கடைசியில் நம் கையில் ஏழு எண்கள் இருக்க வேண்டும்: சரிவு, சரிவுப் பரப்பு, இறவார நீளம், ரேக் நீளம், முகட்டு நீளம், ஹிப் நீளம், கூடுவாய் நீளம். சில அறிக்கைகளின் சுருக்கப் பக்கத்தில் முகடும் ஹிப்பும் ஒரே எண்ணாகச் சேர்ந்து வரும். முகட்டையும் ஹிப்பையும் மூடும் தொப்பித் துண்டுக்கு அது போதும். மற்றவற்றுக்குப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: அந்த அளவைச் சோதிப்பது

முதல் சோதனை ஸ்கேல். தெரிந்த ஒரு நீளத்தை அளந்து பாருங்கள். வரைபடத்தில் எழுதியிருக்கும் சுவர் நீளமாக இருக்கலாம், கூரைக்காரர் தரையிலிருந்து டேப் பிடித்துச் சொன்ன இறவார நீளமாக இருக்கலாம். ஸ்கேல் 2 சதவீதம் தவறினால் பரப்பு 4 சதவீதம் தவறும்.

இரண்டாவது சரிவு. மேலிருந்து எடுத்த படத்தில் நாமே கோடு போடும்போது சரிவு நேராகத் தெரியாது. தளத்தில் இருப்பவரிடம் கேட்டு வாங்குவதுதான் நல்லது. தளப்பரப்பைச் சரிவுப் பரப்பாக மாற்றும் பெருக்கெண் 4:12க்கு 1.054, 6:12க்கு 1.118, 8:12க்கு 1.202, 12:12க்கு 1.414. தாழ்ந்த கூரையில் ஒரு படி தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. செங்குத்தான கூரையில் அப்படியில்லை. 12:12ஐ 10:12 என்று போட்டால் கிட்டத்தட்ட 8 சதவீதம் பொருள் குறைந்துவிடும்.

மூன்றாவது, படத்தில் மறைவது: மரக்கிளைக்கு அடியில் இருக்கும் பகுதி, மேல்மாடிக் கூரைக்குக் கீழே நுழைந்து போகும் தாழ்வாரக் கூரை.

உதாரணத்துக்கு நான் தடுமாறிய வீட்டையே எடுத்துக்கொள்வோம். கணக்குக்கு வசதியாக எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். பிரதான கூரை மேலிருந்து பார்த்தால் 50 அடிக்கு 30 அடி. ஷேக் இறவாரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒன்றரை அங்குலமும் இதில் அடக்கம். முன்பக்கம் 16 அடி அகலத்தில் 10 அடி நீண்டு வரும் ஒரு முகப்புக் கூரை. எல்லாம் 6:12 சரிவு.

தளப்பரப்பு 1,500 கூட்டல் 160, ஆக 1,660 சதுர அடி. 1.118ஆல் பெருக்கினால் 1,856 சதுர அடி, அதாவது 18.56 ஸ்கொயர். சரிவு ஒன்றே என்பதால் முகப்புக் கூரை பிரதான கூரைக்குள் நுழையும் இடத்தைத் தனியாகக் கழிக்கவோ கூட்டவோ வேண்டாம். முகடு 50 கூட்டல் 18 (முகப்பின் 10 அடியும், அது பிரதான கூரைக்குள் நுழையும் 8 அடியும்), ஆக 68 அடி. 6:12 சரிவில் கூடுவாயின் நீளம் முகப்பின் பாதி அகலத்தைப் போல் சரியாக ஒன்றரை மடங்கு. முகப்பின் பாதி அகலம் 8 அடி என்பதால் ஒரு கூடுவாய் 12 அடி, இரண்டும் சேர்ந்து 24 அடி. இறவாரம் 104 அடி. ரேக் 85 அடி. இந்த எண்களை ஒரு முறை தாளில் போட்டுப் பார்த்துவிட்டு அறிக்கையோடு ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை.

படி 3: பரப்பை வரிசை நீளமாக மாற்றுவது

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இந்தப் படியாக இருக்கட்டும். ஷேக் பரப்பாக வேலை செய்வதில்லை, வரிசையாக வேலை செய்கிறது.

வழக்கமான கட்டுமுறையில், ஐந்து பண்டில் 24 அங்குல ஷேக் 10 அங்குல எக்ஸ்போஷரில் ஒரு ஸ்கொயரை மூடும். அப்படியானால் ஒரு பண்டில் 20 சதுர அடி. அதை 10 அங்குல உயர வரிசையாக அடுக்கினால் 24 அடி நீளம் வரும். எக்ஸ்போஷரை ஏழரை அங்குலமாகக் குறைத்தால் பண்டில் மூடும் பரப்பு 15 சதுர அடியாகிவிடும், ஆனால் வரிசை நீளம் அதே 24 அடிதான். ஆக மாறாத எண் 24 அடி. ஆலைக்கு ஆலை கட்டு மாறும். நான்கு பண்டிலே ஒரு ஸ்கொயர் வரும் அகலமான கட்டும் உண்டு, அதில் ஒரு பண்டில் 30 அடி. லேபிளில் எந்த எக்ஸ்போஷருக்கு எத்தனை சதுர அடி என்று போட்டிருப்பார்கள். அதிலிருந்து இந்த எண்ணை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

வரிசை நீளத்துக்கான சூத்திரம்: சரிவுப் பரப்பை 12ஆல் பெருக்கி, அங்குலக் கணக்கில் எக்ஸ்போஷரால் வகுக்க வேண்டும்.

ஆனால் எந்த எக்ஸ்போஷர்? 10 என்று போட்டுவிட்டுப் போகக் கூடாது. நம் பிரதான கூரையில் இறவாரத்திலிருந்து முகடு வரை சரிவு நீளம் 16.77 அடி, அதாவது 201 அங்குலம் சொச்சம். 10ஆல் வகுத்தால் 20.1 வரிசை. ஒரு வரிசையில் பத்தில் ஒரு பங்கை யாரும் அடிக்க முடியாது. 10 அங்குலத்தைத் தாண்டவும் கூடாது. அப்போது 21 வரிசை, ஒவ்வொன்றும் 9.58 அங்குலம். கூரைக்காரர் மேலே ஏறி நூல் அடிக்கும்போது இதைத்தான் செய்வார். பரப்பை மட்டும் பார்க்கும் சாஃப்ட்வேருக்கு இது தெரியாது. நம் வீட்டில் இந்த ஒரு காரணத்தாலேயே நான்கு பண்டில் கூடுகிறது.

1,856ஐ 12ஆல் பெருக்கி 9.58ஆல் வகுத்தால் 2,325 அடி. இதுதான் இந்தக் கூரையின் வரிசை நீளம்.

படி 4: பட்டியல் போடுவது

ஷேக்: 2,325ஐ 24ஆல் வகுத்தால் 96.9 பண்டில். வேஸ்ட் இன்னும் சேர்க்கவில்லை.

ஸ்டார்ட்டர்: இறவாரத்தில் முதல் வரிசை இரட்டையாக வரும். 104 அடியை 24ஆல் வகுத்தால் 4.3, அதனால் 5 பண்டில். சிலர் இதற்கு 15 அங்குலக் குட்டை ஷேக் வாங்குவார்கள். அப்படியென்றால் தனி வரியாக எழுதுங்கள்.

வரிசைகளுக்கு நடுவே போகும் ஃபெல்ட் (தார் ஊறிய தாள்): ஆஸ்பால்ட்டுக்குப் பழகியவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். அங்கே தாள் அடியில் ஒரு முறை விரிப்போம், அதோடு சரி. ஷேக் சொரசொரப்பானது, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டி உட்காராது. காற்றோடு மழையும் தூள் பனியும் உள்ளே ஏறும். அதனால் ஒவ்வொரு வரிசைக்கும் மேல் 18 அங்குல அகலமுள்ள 30 நம்பர் ஃபெல்ட் ஓட வேண்டும். ஃபெல்ட்டின் கீழ் விளிம்பு, ஷேக்கின் கீழ் நுனியிலிருந்து எக்ஸ்போஷரின் இரண்டு மடங்கு மேலே இருக்கும். 10 அங்குலம் என்றால் 20 அங்குலத்தில். ஷேக்கின் தலையில் 4 அங்குலம் மூடி, மீதி 14 அங்குலம் மேலே பலகையில் படியும்.

வரிசைக்கு ஒன்று என்பதால் ஃபெல்ட்டின் நீளமும் வரிசை நீளமும் ஒன்றே: 2,325 அடி. ஒட்டுக்கு 5 சதவீதம் சேர்த்து, 120 அடி ரோல் என்றால் 21 ரோல். இங்கே பரப்பை வைத்துக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ பாதிதான் வரும்.

இறவாரத்தில் முதலில் 36 அங்குல ஃபெல்ட் ஒரு வரிசை, கூடுவாய்க்கும் அதே அகலம். 104 கூட்டல் 24, ஆக 128 அடி. 72 அடி ரோல் இரண்டு போதும். பனி உறைந்து இறவாரத்தில் அணைபோல் நிற்கும் ஊர்களில் இது போதாது. அங்கே ஒட்டும் வகைத் தடுப்புத் தாள், வெளிச்சுவர்க் கோட்டுக்கு உள்ளே 24 அங்குலம் வரை போக வேண்டும் என்று குடியிருப்புக் கட்டட விதி சொல்கிறது. சுவரைத் தாண்டி 18 அங்குலம் நீண்ட இறவாரத்தில், 6:12 சரிவில் அது 47 அங்குலம். ஒரு 36 அங்குல வரிசை எட்டாது, இரண்டு வேண்டும்.

முகட்டுத் தொப்பி: தயார் நிலையில் வரும் பண்டில் ஒன்று 16 அடி 8 அங்குலம் மூடும். 68 அடிக்கு 4.08. எத்தனை முறை பார்த்தாலும் 4 என்று எழுதக் கை போகும். 5 எழுதுங்கள். ஹிப் இருந்தால் அதன் நீளமும் இதில் சேரும்.

கூடுவாய்த் தகடு: நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் குறைந்தது 11 அங்குலம் போக வேண்டும், ஒட்டும் இடத்தில் 4 அங்குலம் ஏற வேண்டும். 10 அடித் தகடு மூன்று. மூன்றாவதைப் பாதியாக வெட்டி இரண்டு கூடுவாய்க்கும் பகிரலாம்.

ஆணி: ஒரு ஷேக்குக்கு இரண்டு, அகலம் எவ்வளவு இருந்தாலும் இரண்டுதான். சராசரி அகலம் 8 அங்குலம், நடுவில் அரை அங்குல இடைவெளி என்று வைத்தால் 2,325 அடியில் சுமார் 3,280 ஷேக். ஸ்டார்ட்டரையும் சேர்த்து ஏறக்குறைய 6,900 ஆணி. கீழே விழுவதற்கும் வளைவதற்கும் சேர்த்து 7,500 எழுதுவேன். தொப்பிக்கு நீளமான ஆணி 200 தனியாக. துத்தநாகம் சூடாகத் தோய்த்தது அல்லது ஸ்டெயின்லெஸ் மட்டும். உப்புக் கடலிலிருந்து 15 மைலுக்குள் என்றால் 316 வகை ஸ்டெயின்லெஸ்.

படி 5: வேஸ்ட்

அறிக்கையில் வரும் வேஸ்ட் சதவீதத்தை அப்படியே எடுக்காதீர்கள். மரம் வேறு விதமாகச் சேதமாகிறது.

ரேக் விளிம்பில் சேதம் குறைவு. ஷேக்குகள் பல அகலத்தில் வருவதால், விளிம்பில் அறுத்த துண்டை வேறு வரிசையில் நிரப்பலாம். கூடுவாயில் அப்படி முடியாது. கோணமாக அறுத்த துண்டு முக்கோணமாகிவிடும், எங்கும் பொருந்தாது. அனுபவமுள்ளவர்கள் பண்டிலைப் பிரித்ததும் அகலமானவற்றைக் கூடுவாய்க்கென்று ஒதுக்கி வைப்பார்கள். அதற்கும் கையிருப்பு வேண்டும். ஹிப் பக்கமும் இதே கதைதான். இதற்கு மேல் உடைந்தது, முடிச்சு விழுந்தது, முறுக்கியது.

கூடுவாய் இல்லாத நேர் கூரைக்கு நான் 7 அல்லது 8 சதவீதம் போடுகிறேன். ஓரிரு கூடுவாய் என்றால் 10. ஹிப், டார்மர் (கூரைச் சரிவிலிருந்து எழும் ஜன்னல் மாடம்) என்று உடைந்து உடைந்து வரும் கூரைக்கு 15 வரை. இவை என் பழக்கம். உங்கள் கூரைக்காரர் முந்தைய வேலைகளில் எத்தனை பண்டில் மீந்தது என்று சொன்னால் அதுதான் இதைவிட நம்பகமானது.

நம் வீட்டுக்கு 10 சதவீதம்: 96.9 என்பது 106.6 ஆகி, 107 பண்டில். ஸ்டார்ட்டர் 5. மொத்தம் 112.

ஒரு எச்சரிக்கை. சில சாஃப்ட்வேரில் பரப்பை இறக்கும்போதே வேஸ்ட் சேர்ந்து வரும். டெம்ப்ளேட் இன்னொரு முறை சேர்க்கும். 10 சதவீதம் 21 ஆகிவிடும். எப்போதும் வேஸ்ட் சேராத பரப்பை உள்ளே கொடுத்து, வேஸ்ட்டை ஒரே இடத்தில் வையுங்கள்.

படி 6: டெம்ப்ளேட்டில் ஏற்றுவது

ஆஸ்பால்ட் டெம்ப்ளேட்டைத் திருத்தாதீர்கள். புதிதாக ஒன்று தொடங்குங்கள். நீங்கள் ஒவ்வொரு வேலைக்கும் கையால் இடும் எண்கள் நான்கு மட்டும் இருக்கட்டும்: எக்ஸ்போஷர், ஒரு பண்டிலின் வரிசை நீளம், ஃபெல்ட் ரோலின் நீளம், வேஸ்ட் சதவீதம். மற்றதெல்லாம் அளவு அறிக்கையிலிருந்து சூத்திரத்தால் வரட்டும். ஒவ்வொரு பொருளும் தன் வரியில் மேல்நோக்கி முழு எண்ணாக வேண்டும். எக்ஸ்போஷர் பெட்டியைக் காலியாக விட்டு வைப்பது என் வழக்கம். பழைய வேலையின் எண் அதில் தங்கியிருந்தால் கண்ணில் படாமல் போய்விடும்.

படி 7: தீ விதி

இதைக் கடைசிப் படியாக வைத்தாலும், விலை சொல்வதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: அந்த ஊரில் மரக் கூரைக்கு அனுமதி உண்டா, எந்தத் தீ வகுப்பு (தீயைத் தாங்கும் தரம்; ஏ உயர்ந்தது, அடுத்து பி, சி) வேண்டும்? லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1989இல் புதிய மரக் கூரைகளைத் தடை செய்தது. 1991இல் ஓக்லண்ட் மலைத் தீயில் 25 பேர் இறந்தார்கள்; எரிந்த வீடுகளில் மர ஷேக் கூரைகள் நிறைய இருந்தன. இது காகித விஷயம் அல்ல.

தீத்தடுப்பு மருந்து ஏற்றிய ஷேக் சி அல்லது பி வகுப்பில் கிடைக்கும். ஏ வகுப்பு வேண்டுமென்றால் ஷேக் மட்டும் போதாது. பி வகுப்பு ஷேக்குக்கு அடியில் அதற்கென்று சோதிக்கப்பட்ட தீத்தாங்கு விரிப்பு முழுக் கூரைக்கும் வேண்டும். பட்டியலே மாறிவிடும். வரிசை நீளத்தில் அல்ல, பரப்பில் கணக்கிடும் ஒரு புது வரி சேரும். ஓட்டுக் கூரையின் ரீப்பர் போல இடைவெளி விட்டு அடித்த பலகைக்குப் பதில் முழுத் தளம் தேவைப்படலாம். மருந்து ஏற்றிய மரத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஆணியே போடுங்கள்.

அனுப்பும்போது

பட்டியலின் தலையில் நான் எப்போதும் நான்கு வரி எழுதுகிறேன். 24 அங்குல ஹேண்ட்ஸ்பிளிட், அரை அங்குலக் கனம். 21 வரிசை, 9.58 அங்குலம். ஒரு பண்டில் 24 அடி வரிசை என்று கணக்கிட்டது. வேஸ்ட் 10 சதவீதம், ஒரே முறை சேர்த்தது. அதற்குக் கீழே ஒரு கேள்வி: கடையில் இருக்கும் பண்டிலின் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? போட்டோ வந்து, அதிலுள்ள பரப்பு என் 24 அடியோடு ஒத்துப்போன பிறகுதான் ஆர்டருக்குச் சரி சொல்கிறேன்.